புட்டிக்குள் இருந்த லித்தியம்

பேராசிரியர் மங்கையர்க்கரசியிடம் கேள்வி கேட்டால் பதில் வராது, வேலைதான் வரும் என்று அந்த வேதியியல் துறையில் சொல்வார்கள்.

அவரிடம் ஆராய்ச்சி மாணவராகச் சேர்ந்த சவரிமுத்து அவரைவிட வயதில் மூத்தவர். பள்ளிக்கூடத்தில் வேதியியல் ஆசிரியராக இருந்தவர், நீண்ட விடுப்பில் படிக்க வந்திருந்தார்.

முதல் வேலை, லித்தியம் குளோரைடு உப்பைக் கொண்டு லித்தியத்தின் அணு எடையைக் காண்பது. புத்தகத்தில் 6.94. அவருக்கு 6.99 வந்தது. மறுபடி செய்தார். அதேதான்.

"உப்பு ஈரத்தை இழுத்திருக்கும் சார். ஆராய்ச்சியை மதிப்பிடுற குழுவுக்கு முன்னால இதைக் காட்டினா சிரிப்பாங்க. 6.94-னே போட்டுடுங்க" என்றார்கள் கூட இருந்தவர்கள்.

சவரிமுத்து பேராசிரியரிடம் போனார்.

"இத்தனை வருஷமா 6.94-னு பாடம் நடத்தினவன் மேடம் நான். என் கையிலதான் ஏதோ கோளாறு. மாத்திப் போட்டுடட்டுமா?"

மங்கையர்க்கரசி அலமாரியிலிருந்து அதே உப்பு இருந்த வேறொரு பழைய புட்டியை எடுத்து அவர் முன் வைத்தார்.

"இதையும் பாருங்க."

சவரிமுத்து அந்த உப்பையும் முதல் உப்பைப் போலவே அடுப்பில் நன்றாக உலர்த்தி, அதே தராசில் நிறுத்தார். கரைத்து, சில்வர் நைட்ரேட் ஊற்றி, வெள்ளையாகப் படிந்ததை வடிகட்டி எடை பார்த்தார். கணக்குப் போட்டதும் ஓடி வந்தார்.

"6.94 மேடம்! சரியா வந்துடுச்சு!"

"அப்போ கை?"

"கையில கோளாறு இல்ல." சொல்லிவிட்டு நின்றார். "அப்படின்னா முதல் புட்டியில இருக்கிறது லித்தியமே இல்லையா?"

பேராசிரியர் பர்னரைப் பற்றவைத்தார். கம்பி முனையில் இந்த உப்பைத் தொட்டுக் காட்டினார், பிறகு அந்த உப்பை. இரண்டு முறையும் சுடர் ஒரே சிவப்பாக எரிந்தது.

"புரோட்டான்?"

"ரெண்டுலயும் மூணு. அது மாறினா லித்தியமே இல்ல, வேற தனிமம்."

"எலக்ட்ரான்?"

"உப்புல லித்தியம் ஒரு எலக்ட்ரானைக் குடுத்துட்டு அயனியா இருக்கு. ரெண்டு புட்டியிலயும் அப்படித்தான். போன எலக்ட்ரானோட எடையும் இந்தத் தராசுக்குத் தெரியாது."

"மிச்சம்?"

சவரிமுத்து ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"நியூட்ரான். மூணு நியூட்ரான் உள்ள லித்தியமும் உண்டு, நாலு உள்ளதும் உண்டு. ரெண்டும் ஐசோடோப்பு. ஒரே சிவப்பு, எடைதான் வேற. முதல் புட்டியை நிரப்புறதுக்கு முன்னாடியே லேசானதுல பெரும்பகுதியை அணுசக்தி வேலைக்காக யாரோ பிரிச்சு எடுத்துட்டாங்க மேடம்!"

"குழுவுல சொல்லுங்க."

குழுத் தலைவர் தாளைப் பார்த்தார். முகம் சுளித்தார்.

"6.94-னு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகூடச் சொல்லுமே."

"சொல்லும் சார். நான்தான் சொல்லிக்குடுத்தேன்." சவரிமுத்து இரண்டு புட்டிகளையும் மேசையில் வைத்து, முதல் புட்டியைத் தொட்டுக் காட்டினார். "இந்தப் புட்டியில இருக்கிறது 6.99. ரெண்டு புட்டியையும் வெளியில அனுப்பிச் சோதிச்சுப் பாருங்க. நான் தப்புன்னா ஒத்துக்கிறேன்."

அணுக்களை எடைவாரியாகப் பிரித்துக் காட்டும் கருவி வேறொரு ஊரில் இருந்தது. இரண்டு உப்பும் அங்கே போயின. முதல் புட்டியில், லேசான லித்தியம் இருக்க வேண்டியதில் பாதிகூட இல்லை என்று பதில் வந்தது.

குழுத் தலைவரே ஆய்வகத்துக்கு வந்து சவரிமுத்துவின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார். 6.94 என்று போடச் சொன்னவர்கள் அவரைச் சுற்றி நின்று விவரம் கேட்டார்கள். அவர் தலை நிமிர்ந்து விளக்கினார்.

எல்லோரும் போனபின் மங்கையர்க்கரசியிடம் வந்தார்.

"மேடம், உங்களுக்கு இது முன்னாடியே தெரியுமா?"

"புட்டியைப் பத்தி முதல் நாளே தெரியும் சார்" என்றார் அவர். "உங்களைப் பத்தித்தான் தெரியாம இருந்துச்சு."