ஒரு மூச்சு நீளம்

"எனக்கு எதுவும் வரமாட்டேங்குது," என்றார் பூபதி.

டெல்பின் ஒரு வயரின் முனையைப் பல்லால் கடித்து உரித்துக்கொண்டிருந்தாள்.

"எது வரல?"

"இசை."

"உக்காருங்கண்ணே."

அறையில் நாற்காலி இல்லை. ஒரு ஸ்பீக்கர் பெட்டியின் மேல் உட்கார்ந்தார். பெட்டி லேசாக அதிர்ந்துகொண்டிருந்தது.

"கீழ ஐஸ் ஃபேக்டரி. கம்ப்ரஸர் ஓடுது," என்றாள் டெல்பின். "பழகிரும்."

பூபதிக்கு ஐம்பதை நெருங்கும் வயது. சென்னையில் சினிமாப் பாட்டுகளுக்குக் கீபோர்டு புரோகிராமிங் செய்பவர். யாரோ மெட்டுப் போடுவார்கள். அதற்குத் தாளமும் பின்னணியும் கம்ப்யூட்டரில் கட்டிக் கொடுப்பார். கைராசிக்காரர் என்று பெயர். தனக்கென்று ஒன்று செய்ய உட்கார்ந்தால் மட்டும் விரல் நகராது. வருஷக்கணக்கில் இப்படியே போயிற்று. இனி இதற்கு முயல்வதில்லை என்று வீட்டில் சொல்லிவிட்டு, கடைசியாக ஒருமுறை டெல்பினிடம் கேட்டுப் பார்க்கலாம் என்று தூத்துக்குடிக்கு வந்திருந்தார்.

டெல்பின் கொரைரா அவரைவிட ரொம்ப இளையவள். மீன்பிடித் துறைமுகத்தை ஒட்டிய அந்த ஐஸ் ஃபேக்டரி மாடியில் தானே சால்டரிங் செய்த கருவிகளோடு இருந்தாள். அவள் செய்கிற எலெக்ட்ரானிக் இசை எந்த ரேடியோவிலும் வராது. பெங்களூரிலும் புதுச்சேரியிலும் காலி கோடவுன்களில் கூடி ஆடுகிறவர்களுக்குத் தெரியும். ஒரு போனிலிருந்து இன்னொரு போனுக்குப் போகும். அவள் முகத்தைப் பார்த்தவர் சிலபேர்தான்.

அதிலும் ஒரே பெயரில் இல்லை. 'திருமதி வோல்டேஜ்' என்ற பெயரில் காட்டுத்தனமான ஆட்டத் தாளம். 'கோரம்பள்ளம் ரேடியோ' என்ற பெயரில் மணிக்கணக்கில் நகராமல் நிற்கும் ஒற்றை ஓசை. இன்னொரு பெயரில் வெறும் இரைச்சல்.

"இத்தனை பேரும் நீங்கதானா?" என்று கேட்டார் பூபதி.

"ஆமா."

"இதுல எது நிஜமா நீங்க?"

"முதல்ல சத்தம் வரும்ணே. அது யாரோட சத்தம்னு பிறகுதான் தெரியும். பேர் வச்சு அனுப்பிருவேன்."

"எனக்குச் சொல்லித் தருவீங்களா?"

"அதெல்லாம் தெரியாது. வேணும்னா இங்க இருங்க."

இருந்தார்.

லாட்ஜில் அறை எடுத்துக்கொண்டு, தினமும் காலையில் அந்த இரும்புப் படிகளில் ஏறினார்.

ஒருநாள் டெல்பின் கீழே போய், ஐஸ் பாளம் சரிவில் வழுக்கி விழுகிற சத்தத்தைப் பதிவு செய்துகொண்டு வந்தாள். அதன் வேகத்தைக் குறைத்தாள். இன்னும் குறைத்தாள். ஒரு மலை தூக்கத்தில் புரண்டு படுப்பதுபோல அறை முழுக்க ஒலி எழுந்தது.

பூபதிக்கு மயிர்க்கூச்செறிந்தது.

டெல்பின் அதை இரண்டாவது முறை கேட்டாள். அழித்துவிட்டாள்.

"ஐயோ! ஏன்?"

"இது வரும்னு முன்னாடியே தெரியும்ணே."

அடுத்த நாள், ஒரு கருவியில் எங்கோ இணைப்பு விட்டுப்போயிருந்தது. கட்டையை அழுத்தினால் ஒரு சமயம் ஒரு ஸ்வரம் வந்தது, ஒரு சமயம் கனைப்பு வந்தது, ஒரு சமயம் ஒன்றுமே வரவில்லை. அவள் அதைச் சரிசெய்யவில்லை. சாப்பிடாமல் அதன்கூடவே உட்கார்ந்திருந்தாள். சாயங்காலம் ஒரு பெயர் வைத்து அனுப்பிவிட்டு, கை கழுவி, மீன் வாங்கப் புறப்பட்டாள்.

பூபதி கூடவே படியிறங்கினார்.

"முடிஞ்சிருச்சுன்னு எப்படித் தெரிஞ்சுது?"

"என்னைக் கூப்பிடறத நிறுத்திருச்சு."

இன்னொரு நாள் பூபதி தன் லேப்டாப்பைத் திறந்தார். ரொம்பத் தயங்கித் தயங்கித்தான் திறந்தார். பாதியில் நின்ற துண்டுகளில் தேறியவற்றைச் சேர்த்து ஒரு பாடலாக்கி வைத்திருந்தார். டெல்பின் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, கண்ணை மூடி, கடைசிவரை கேட்டாள்.

"நல்லா இருக்குண்ணே."

"அவ்வளவுதானா?"

"யாருக்கு இது?"

"யாருக்குன்னா?"

"யாரு கேக்கணும் இத?"

பூபதி யோசித்தார்.

"எல்லாரும்."

டெல்பின் ஹெட்ஃபோனைக் கழற்றி அவர் கையில் கொடுத்தாள். அவள் முகத்தில் கேலி இல்லை.

"எனக்கு இன்னொரு வேலை இருக்கு," என்றாள். "பேர் வைக்காத வேலை. நாளைக்குக் கடலுக்கு வாரீங்களா?"

வள்ளத்தில் மூன்றே பேர்தான். டெல்பின், பூபதி, அப்புறம் சிலுவைப்பிச்சை என்கிற சங்கு குளிக்கிறவர். கடலடிப் பாறைத் திட்டில் மூச்சடக்கி இறங்கி, மணலில் புதைந்த சங்குகளை எடுத்து வருவது சிலுவையின் தொழில். அகன்ற மார்பு. உப்பேறிச் சிவந்த கண்கள்.

வெயில் ஏறியிருந்தது. கரை ஒரு கோடாகத் தெரிந்தது. நங்கூரக் கயிற்றை இறக்கிவிட்டு மோட்டாரை நிறுத்தினார் சிலுவை.

டெல்பின் மடியில் ஒரு சின்னப் பெட்டி. அதில் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் சில திருகுகள், பேட்டரி. பெட்டியிலிருந்து கிளம்பிய தடித்த கேபிளின் முனையில், லாரி டியூப் ரப்பரில் இறுக்கிப் பொதிந்த ஏதோ ஒன்று தொங்கியது. அதை மெதுவாகத் தண்ணீருக்குள் விட்டாள்.

"என்னது அது?"

"ஸ்பீக்கர்."

"தண்ணிக்குள்ளயா?"

சிலுவைதான் சொன்னார்.

"எனக்கு ஒரு தம்பி இருந்தான் சார். சூசை. ஒண்ணாத்தான் குளிப்போம். ஒருநாள் நான் மேல வந்தேன், அவன் வரல."

முக்குளிக்கும்போது முகத்தில் மாட்டும் கண்ணாடியைத் தண்ணீரில் நனைத்துத் துடைத்தார்.

"அதுக்குப் பிறகு என்னால கீழ போக முடியல. போனா அவன் கூப்பிடுற மாதிரி இருக்கும். இல்லன்னா ஒண்ணுமே கேக்காது. ரெண்டையும் தாங்க முடியல. பிள்ளைங்க இருக்கு, வேற தொழில் தெரியாது. ஐஸ் ஃபேக்டரி வாசல்ல உக்காந்து அழுதுட்டேன். இந்தப் பாப்பா படியில இறங்கி வந்துச்சு. தண்ணிக்குக் கீழ எப்படி இருக்கும்னு கேட்டுச்சு. சொன்னேன். போயிருச்சு."

"பிறகு?"

"ரொம்ப நாள் கழிச்சு இதைத் தூக்கிட்டு வந்துச்சு. முதல்ல தண்ணி புகுந்து புகுந்து கெட்டுப்போகும். எனக்கே வெறுத்துப்போச்சு, பாப்பா விடல. ஒருநாள் கயித்தைப் பிடிச்சுக்கிட்டு இறங்கினேன்."

"கேட்டுதா?"

சிலுவை கண்ணாடியை முகத்தில் மாட்டினார்.

"மேல வந்து, இன்னொரு தடவன்னு சொன்னேன் சார்."

மூச்சை இழுத்தார். இறங்கிவிட்டார்.

டெல்பினின் விரல்கள் திருகுகளின் மேல் நகரத் தொடங்கின.

பூபதி காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். வள்ளத்தின் பக்கவாட்டில் தண்ணீர் தட்டுகிற சத்தம். எங்கோ ஒரு கடற்காக்கை. வேறு ஒன்றுமில்லை.

அவள் வாசித்துக்கொண்டிருந்தாள். தோள் அசைந்தது. ஓரிடத்தில் புருவம் சுருங்கியது, கை நின்றது, மிக மெல்லத் திரும்பவும் தொடங்கியது. கண் தண்ணீரைவிட்டு நகரவில்லை. பூபதி எத்தனையோ பெரிய வித்வான்கள் வாசிப்பதைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறார். இப்படி ஒருவர் வாசித்து அவர் பார்த்ததில்லை.

தண்ணீர் பிளந்தது. சிலுவை மேலே வந்து மூச்சு வாங்கினார். டெல்பின் கையை எடுத்துவிட்டாள்.

அவர் திரும்ப இறங்கினார். அவள் திரும்பத் தொடங்கினாள்.

அடுத்த முறை சிலுவை மேலே வந்தபோது பூபதி மெதுவாகக் கேட்டார்.

"ரெக்கார்ட் பண்றீங்களா?"

"இல்ல."

"அப்போ இதுக்கு முன்னாடி வந்தப்ப வாசிச்சது?"

"அன்னைக்கு அவர் மூச்சு வேற."

"எனக்குக் கொஞ்சம் கேக்கணும்."

அவள் பெட்டியில் ஹெட்ஃபோனைச் செருகிக் கொடுத்தாள். பூபதி மாட்டிக்கொண்டார். பக்கத்து அறையில் கொசு பறப்பதுபோல ஒரு முனகல். அதற்குள் அங்கங்கே ஒரு தட்டல். நடுவில் நீள நீளமாக வெறுமை. அவருக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

"இதுதானா?"

"மேல அப்படித்தான் இருக்கும்."

"கீழ எப்படி இருக்கும்?"

"எனக்குத் தெரியாதுண்ணே."

பூபதி ஹெட்ஃபோனைக் கழற்றினார்.

"தெரியாதா?"

"சின்ன வயசுலயே காது சவ்வு கிழிஞ்சுபோச்சு. தண்ணிக்குள்ள தலைய முக்கக்கூடாது. டாக்டர் சொல்லியிருக்கார்."

"அப்போ இதை நீங்க கேட்டதே இல்லையா?"

"இல்ல."

"பிறகு எப்படி...?"

"அவர் மேல வர்றப்போ முகத்தைப் பாப்பேன்."

பூபதி வள்ளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு பச்சை நிறத் தண்ணீரைக் குனிந்து பார்த்தார். அடி தெரியவில்லை.

அவருக்கு நீச்சல் தெரியாது. குளியலறை ஷவரில்கூடக் கண்ணை இறுக்கி மூடிக்கொள்கிற ஆள்.

சட்டையைக் கழற்றினார்.

சிலுவை அவரைப் பார்த்தார். பிறகு டெல்பினைப் பார்த்தார். அவள் திருகுகளின் மேல் விரல்களை வைத்தாள்.

"இறங்குங்க சார்," என்றார் சிலுவை. "கயித்தை விடாதீங்க. மூக்கைப் பிடிச்சுக் காதுக்குள்ள காத்தைத் தள்ளுங்க. நான் கூடவே இருக்கேன். பயமாயிருந்தா என் தோள்ல தட்டுங்க, மேல கொண்டாந்துருவேன்."

முதல் முறை தலை முழுகியதுமே தோளில் தட்டிவிட்டார். இருமினார். மூக்கிலும் வாயிலும் உப்பு.

"போதுமா சார்?"

"இல்ல."

இன்னும் ஒருமுறை. கயிற்றைப் பிடித்தபடி, கைமாற்றிக் கைமாற்றி, இறங்கினார். சிலுவையின் கனத்த கை அவர் முதுகில் இருந்தது. தலைக்கு மேலே வெளிச்சம் சுருங்கியது. நெஞ்சு அடித்துக்கொண்டது. அது மட்டும்தான் கேட்டது.

பிறகு அது வந்தது.

எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று திரும்பிப் பார்த்தார். பக்கமே இல்லை. அது காதின் வழியாக வரவில்லை. தாடையில் இருந்தது. மண்டை ஓட்டில், விலா எலும்பில், பிடித்த கயிற்றில் இருந்தது. மேலே கொசுவின் முனகலாகக் கேட்டதே, இங்கே ஒரு பெரிய மிருகம் பக்கத்தில் படுத்து மூச்சு விடுவதுபோல் இருந்தது. தொடாமல், பயமுறுத்தாமல், அருகிலேயே.

தட்டல் வந்தது. அவர் நெஞ்சைவிட மெதுவாக. இன்னொன்று. நெஞ்சு தடுமாறியது. பிறகு அதுவும் மெதுவாயிற்று.

பிறகு இசை நின்றது. மேலே அவர் வெறுமை என்று நினைத்த அந்த இடைவெளி.

அது வெறுமையாக இல்லை. கடல் பொரிந்துகொண்டிருந்தது. பாறைத் திட்டு முழுக்க, கண்ணுக்குத் தெரியாத கோடிப் பிராணிகள் சடசடவென்று கொடுக்குகளைச் சொடுக்குகிற ஓசை. அதற்கும் அடியில் வெகுதூரத்தில் ஒரு கப்பலின் உறுமல். அதற்கும் அடியில், பெயர் தெரியாத ஏதோ ஒன்று. எல்லாம் பேசி முடிக்கும்வரை அவள் காத்திருந்தாள். பேசி முடித்ததும், சரியாக அந்த இடத்தில், ஒரே ஒரு ஸ்வரம் வைத்தாள்.

பூபதி பயத்தை மறந்தார். மூச்சையும் மறந்தார்.

சிலுவைதான் அவரை மேலே இழுத்துக்கொண்டு வந்தார்.

வெளிச்சம் முகத்தில் அடித்தது. வள்ளத்துக்குள் ஏற்றிவிடப்பட்டு, பலகையில் குப்புறக் கிடந்து, மூச்சு வாங்கினார். கண்ணிலிருந்து வழிந்தது கடல்நீரா என்று அவருக்கே தெரியவில்லை. சிலுவை அவர் முதுகில் ஒருமுறை தட்டிக் கொடுத்துவிட்டு, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, வேலைக்குத் திரும்பினார். தண்ணீர் அவர்மேல் மூடிக்கொண்டது.

பூபதி எழுந்து உட்கார்ந்தார். சொல்ல வேண்டும். இவளுக்குத் தெரியாது. இத்தனை நாள் இவள் எதை வாசித்துக்கொண்டிருக்கிறாள் என்று இவளுக்கே தெரியாது. கேட்டவர்கள் உலகத்தில் இரண்டே பேர்தான், அதில் ஒருவன் நான்.

"டெல்பின்," என்றார். "டெல்பின், கீழ அது எப்படி இருக்கு தெரியுமா..."

அவள் விரல்கள் திருகுகளின் மேல் இருந்தன. கண்கள் தண்ணீரில் இருந்தன.

"பேசாதீங்கண்ணே," என்றாள். "அவர் கீழ இருக்கார்."