பிரிவு விழாவில் சிரித்த ஆட்காட்டி

ஒரு காட்டில், ஓடை திரும்பும் இடத்தில் நின்ற மருத மரத்தடியில் ஒரு பள்ளிக்கூடம் நடந்து வந்தது. காட்டில் பள்ளிக்கூடமா என்று கேட்காதீர்கள், குழந்தைகளே. ஊரில் நடப்பதெல்லாம் காட்டிலும் நடக்கும், நல்லதும் சரி, கெட்டதும் சரி.

கடைசி வகுப்பை முடித்து வெளியே போகிறவர்களுக்கு அங்கே ஒரு பிரிவு விழா உண்டு. அதில் ஒரு வழக்கம். வகுப்புச் செயலாளர் ஒவ்வொரு மாணவரைப் பற்றியும் தேக்கு இலையில் நாலு வரி வேடிக்கையாக எழுதி வாசிப்பார். யாரைப் பற்றி வாசிக்கிறாரோ அவர் எல்லோருக்கும் முன்னால் பாறைமேல் ஏறி நிற்க வேண்டும். நின்றால் மட்டும் போதாது, சிரிக்கவும் வேண்டும். சிரித்தவருக்குத்தான் அந்த இலையைக் கொடுப்பார்கள். இலை கிடைக்காதவர் படிப்பை முடிக்காதவர் என்று கணக்கு. இது என்ன வழக்கம் என்று ஒருவரும் கேட்டதில்லை.

அந்த ஆண்டு புள்ளிமான் வகுப்புத் தலைவன். அதன் கொம்பு அழகாக இருக்கிறது என்று எல்லோரும் அதற்கே வாக்களித்தார்கள். வேறு தகுதி எதையும் தேடவில்லை. காட்டுப்பன்றி துணைத் தலைவன். தலைவன் எது சொன்னாலும் "ஆமாம்" என்பது அதன் வேலை. அந்த வேலையில் அது ஒரு நாளும் குறை வைத்ததில்லை. செயலாளர் மைனா. வகுப்பில் உருப்படியாக நடந்ததெல்லாம் மைனா செய்ததுதான். நல்ல மூளை, நல்ல வாய், யார் குரலையும் அப்படியே பேசிக்காட்டும் தொண்டை. கைதட்டல் கேட்டால் மட்டும் தன்னை மறந்துவிடும்.

அதே வகுப்பில் ஆட்காட்டிக் குருவியும் படித்தது. அதற்குப் பாட்டு வராது, ஆட்டம் வராது, கணக்கு சுத்தமாக வராது. ஆனால் ஆபத்து எங்கே வந்தாலும் தூரத்திலேயே பார்த்துவிடும். பார்த்ததும் கத்தும். அந்தக் குரலைக் கேட்டு ஓடி உயிர் பிழைத்தவர்கள் வகுப்பில் பாதிப்பேர். படிப்பு முடிந்ததும் ஏரிக்கரைப் புல்வெளிக்கு அதுதான் காவல் என்று பெரியவர்கள் முன்பே முடிவு செய்திருந்தார்கள்.

விழாவுக்கு முதல் நாள் ஆட்காட்டி மைனாவைத் தேடி வந்தது.

"என்னைப் பற்றி என்ன வேண்டுமானாலும் எழுது. என் காலைக் குச்சி என்று சொல். கணக்கில் நான் பூஜ்யம் வாங்கியதைச் சொல். என் குரலை மட்டும் விட்டுவிடு" என்றது.

"குரலில் என்ன இருக்கிறது?" என்று கேட்டது மைனா.

"எனக்கு இருப்பது அது ஒன்றுதான். அதைக் கேட்டால் எல்லோரும் ஓடுகிறார்கள். ஒரு முறை சிரித்துவிட்டால் அப்புறம் எப்படி ஓடுவார்கள்?"

தொடமாட்டேன் என்று மைனா சத்தியம் செய்தது. அந்த நேரத்தில் அது மனதாரத்தான் சொன்னது. நான் அதை நம்புகிறேன்.

மறுநாள் விழா களைகட்டியது. மைனா ஒவ்வோர் இலையாக எடுத்து வாசித்தது.

மயிலைப் பற்றி, "இவர் ஆடினால் மழை வரும் என்று இத்தனை ஆண்டும் நம்பினோம். இவருக்கு வியர்வை வந்ததுதான் மிச்சம்" என்றது. முள்ளம்பன்றியைப் பற்றி, "எல்லோரையும் கட்டிப்பிடித்து விடைபெற இவருக்கு ஆசை. நாங்கள் தூரத்திலிருந்தே கும்பிட்டுக்கொள்கிறோம்" என்றது. தேவாங்கைப் பற்றி, "இவரை வழியனுப்ப எங்களுக்கு மனமில்லை. முதல் வகுப்புக்குக் கிளம்பியவர் இப்போதுதான் வந்து சேர்ந்திருக்கிறார்" என்றது.

காடே சிரித்தது. முள்ளம்பன்றிக்கு முகம் வாடியது, ஆனாலும் அதுவும் சிரித்தது. சிரிக்காமல் என்ன செய்யும், இலை வேண்டுமே.

அடுத்தது தலைவர்களின் முறை. தலைவர்களைக் கேலி செய்தால் மரியாதை போய்விடும், அவர்களைப் பற்றி நல்லதாகவே எழுது என்று புள்ளிமான் காலையிலேயே மைனாவிடம் சொல்லியிருந்தது. காட்டுப்பன்றி ஆமாம் போட்டிருந்தது. அதனால் மைனா, "நம் தலைவர் அறிவில் மலை, அன்பில் கடல்" என்று வாசித்தது. துணைத் தலைவருக்கு ஆறு என்றும் அருவி என்றும் நாலு வரி வாசித்தது. முயல்கள் கொட்டாவி விட்டன. குரங்குகள் எழுந்து போகத் தொடங்கின.

புள்ளிமானுக்குப் பதற்றம் வந்தது. மைனாவின் பக்கம் குனிந்து, "விழா படுத்துவிட்டது. மிச்சம் இருப்பது ஆட்காட்டி மட்டும். அதை வைத்து ஏதாவது செய்" என்றது.

ஆட்காட்டி பாறைமேல் ஏறி நின்றது. மைனா இலையைப் பார்த்துக் கால் குச்சி என்று வாசித்தது. இரண்டு பேர் சிரித்தார்கள். பூஜ்யம் என்று வாசித்தது, ஒருவர் சிரித்தார். இன்னும் நாலு குரங்குகள் எழுந்துகொண்டன.

மைனா இலையைக் கீழே வைத்தது. கழுத்தை நீட்டி, கண்ணை உருட்டி, ஆட்காட்டியின் குரலில் கத்தியது.

"டிட் டிட் டிடீ! ஐயோ, இலை விழுகிறது. டிட் டிட் டிடீ! ஐயோ, எறும்பு வருகிறது. டிட் டிட் டிடீ! ஐயோ, என் நிழல் என்னையே துரத்துகிறது."

போன குரங்குகள் திரும்பி ஓடி வந்தன. கரடி வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருண்டது. இன்னொரு முறை, இன்னொரு முறை என்று எல்லோரும் கத்தினார்கள். மைனா ஏழு முறை செய்து காட்டியது.

ஆட்காட்டி மைனாவையே பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு வழக்கப்படி சிரித்தது. புள்ளிமான் இலையைக் கொடுத்தது. ஆட்காட்டி அதை வாங்கிக்கொண்டு ஏரிக்கரைக்குப் பறந்து போனது. எனக்கு அந்த மைனாவின் மேல் கோபம் இன்னும் தீரவில்லை, குழந்தைகளே.

விழா முடிந்தது. வேடிக்கை முடியவில்லை. முயல்கள் ஒன்றையொன்று பயமுறுத்த அந்தக் குரலில் கத்தின. காட்டுப்பன்றி தண்ணீர் குடிக்க வந்தால், வந்துவிட்டேன் என்பதற்கு அதையே கத்தியது. பழைய வகுப்புத் தோழர்கள் எங்கே சந்தித்தாலும் அதுதான் வணக்கம். போகப்போக, விழாவுக்கு வராதவர்களும், அன்று பிறக்காத குட்டிகளும்கூட அதைக் கற்றுக்கொண்டன.

ஏரிக்கரையில் ஆட்காட்டி நாள் முழுவதும் காவல் இருந்தது. அது கத்தினால் முதலில் எல்லோரும் ஓடினார்கள். அப்புறம் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். அப்புறம் அதுவும் இல்லை. ஒரு நாள் நரி ஒன்று மானின் குட்டிக்கு மிக அருகில் வந்தும் ஒருவர்கூட அசையவில்லை. நரிக்கு வயிறு நிறைந்திருந்தது, தானாகவே போய்விட்டது.

அன்று ஆட்காட்டி புள்ளிமானைப் போய்ப் பார்த்தது. புள்ளிமான் இப்போது மான்கூட்டத்துக்கே தலைவன். இந்த வேடிக்கையை நிறுத்தச் சொல்லுங்கள் என்று ஆட்காட்டி கேட்டுக்கொண்டது.

"இதற்குப் போய் வருத்தப்படலாமா? காடு முழுக்க உன் குரல்தான் கேட்கிறது. எனக்கு அந்தப் பெருமை இல்லையே" என்றது புள்ளிமான்.

"ஆமாம்" என்றது காட்டுப்பன்றி.

மைனாவிடமும் ஆட்காட்டி போனது. மைனா கூனிக் குறுகிப்போனது. இனி அந்தக் குரலை எடுக்கவே மாட்டேன் என்றது. இந்த முறை சொன்ன சொல்லைக் காப்பாற்றவும் செய்தது. ஆனால் இப்போது அந்தக் குரல் காட்டில் எல்லோரிடமும் இருந்தது. ஒவ்வொருவரிடமும் போய் எப்படித் திரும்ப வாங்குவது?

அடுத்த கோடையில் ஒரு நண்பகல். மான்கள் ஏரிக்கரையில் மேய்ந்துகொண்டிருந்தன. தலைவனின் ஒரு மாதம்கூட ஆகாத குட்டி தாயின் பக்கத்தில் துள்ளிக்கொண்டிருந்தது. புதருக்குப் பின்னால் எட்டுச் செந்நாய்கள் வயிறு தரையில் பட வந்துகொண்டிருந்தன.

ஆட்காட்டி பார்த்துவிட்டது. "டிட் டிட் டிடீ!" என்று உயிரைக் கொடுத்துக் கத்தியது.

ஒரு குட்டிமான் மகிழ்ச்சியாகப் பதிலுக்குக் கத்தியது. அதைக் கேட்டு இன்னொன்று கத்தியது. நம் பழைய தோழன் யாரோ வந்திருக்கிறான் என்று புள்ளிமான் நினைத்துக்கொண்டது. வாயில் இருந்த புல்லை விழுங்கிவிட்டு, அதுவும் "டிட் டிட் டிடீ" என்றது.

ஆட்காட்டி வானத்தில் வட்டமிட்டது. தாழப் பறந்து மான்களின் தலையில் அலகால் கொத்தியது. அதுவும் வேடிக்கைதான் என்று மான்கள் தலையை உதறிக்கொண்டு சிரித்தன.

கரையோர மரத்தில் இருந்த மைனா செந்நாய்களைப் பார்க்கவில்லை. ஆனால் கத்துவது யார் என்று அதற்குத் தெரிந்துவிட்டது. "இது வேடிக்கை இல்லை. நிஜமான ஆட்காட்டி கத்துகிறது, ஓடுங்கள்" என்று அலறியது.

"பார்த்தாயா, மைனாதான். எத்தனை நாளாயிற்று இந்தக் கூத்தைக் கேட்டு" என்று பக்கத்தில் மேய்ந்த மானிடம் சொன்னது புள்ளிமான்.

அதற்குள் செந்நாய்கள் வந்துவிட்டன.

பெரிய மான்கள் நாலு பக்கமும் சிதறி ஓடின. தலைவனின் குட்டிக்கு எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியவில்லை. அது நின்ற இடத்திலேயே நின்றது.

எல்லாம் அடங்கிய பிறகு புள்ளிமான் திரும்பி வந்தது. கரையில் ஒரு கல்லின் மேல் ஆட்காட்டி உட்கார்ந்திருந்தது. கத்திக் கத்தி அதன் தொண்டை கட்டியிருந்தது.

"நீ கத்தியது எனக்குக் கேட்கவில்லையே" என்று அழுதது புள்ளிமான்.

"கேட்டது, தலைவரே. நீங்கள் பதிலும் சொன்னீர்கள்" என்றது ஆட்காட்டி.

ஆட்காட்டி சிறகை விரித்து ஏரியைக் கடந்து, தன்னை யாருக்கும் தெரியாத வேறொரு காட்டுக்குப் போய்விட்டது. அங்கே பிரிவு விழா உண்டா இல்லையா என்பது எனக்குத் தெரியாது.

சில நாள் கழித்துப் புள்ளிமான் மைனாவைக் கூப்பிட்டு, "உனக்கு அந்தக் குரல் வருமே. இனி நீ காவல் இரு" என்றது. பக்கத்தில் நின்ற காட்டுப்பன்றி ஒன்றும் சொல்லவில்லை.

மைனா கல்லின் மேல் உட்கார்ந்து வாயைத் திறந்தது. குட்டியை இழந்த தாய்மான் எதிரே நின்றிருந்தது. மைனாவுக்குச் சத்தம் வரவில்லை. அதன் பிறகு அந்தக் காட்டில் அந்தக் குரலை யாரும் எடுக்கவில்லை.

காவல் இல்லாத கரைக்கு மான்கள் வரவில்லை. அந்த ஆண்டு ஏரிக்கரைப் புல் இடுப்பு உயரம் வளர்ந்து, மேய யாரும் இல்லாமல் அப்படியே காய்ந்து போனது.

நீதி: நம்மைக் காக்கும் எச்சரிக்கையைக் கேலிப் பொருளாக்கினால், ஆபத்து வரும் நாளில் அது காதில் விழுந்தும் பயன்படாது.