முதுகுப்புற வார்கள்

இரண்டு பாளையங்களுக்கு நடுவே ஒரு கண்மாய். தண்ணீர் யாருக்கு என்பதை ஒற்றைச் சண்டையில் தீர்த்துக்கொள்வதென்று முடிவாயிற்று. ஒரு பக்கத்துக்கு ராக்கன் இறங்கினான். அவனுக்கு அரண்மனையிலிருந்து இரும்புக் கவசம் வந்தது. வார்களெல்லாம் முதுகுப்புறம், அணிந்தவனால் தானாகக் கழற்ற முடியாது. கட்டிவிட்டவன் அவன் மனைவி காத்தாயியின் அண்ணன் முத்திருளன்.

"சண்டை முடியாம இதை அவுக்க மாட்டேன்னு என் வயித்துப் பிள்ளை மேல சத்தியம் பண்ணுண்ணே" என்றாள் காத்தாயி. முத்திருளன் சத்தியம் செய்தான்.

வற்றிய கண்மாய்க்குள் சித்திரை வெயில். எதிரி மெலிந்தவன், இடுப்புத் துணியும் ஈட்டியும்தான். அவன் குத்தவே வரவில்லை. ராக்கன் வாளை ஓங்கும்போதெல்லாம் விலகி ஓடினான். ராக்கன் இரும்பைச் சுமந்துகொண்டு துரத்தினான்.

இளைப்பாற முரசு அடித்ததும் ராக்கன் கரையோரம் வந்தான். கவசத்தின் அடியிலிருந்து வேர்வை சொட்டி மண் நனைந்தது.

"அவுத்து விடு மச்சான். உன் தங்கச்சியவிட இறுக்கமாப் பிடிச்சிருக்கு."

"கொஞ்சம் பொறு மாப்ள. சத்தியம் பண்ணியிருக்கேன்."

ராக்கன் சிரித்துவிட்டுப் போனான்.

மறுபடி முரசு அடித்தபோது காலை இழுத்துக்கொண்டு வந்தான். கொடுத்த தண்ணீர் கடைவாயில் வழிந்தது. முத்திருளனை யாரோ போலப் பார்த்தான். "அவுத்து விடு, அவுத்து விடு" என்பதைத் தவிர வாயில் வேறு பேச்சில்லை. முத்திருளன் வார்களை அறுத்தான். உள்ளே முதுகு அடுப்புக்கல்லாகக் கொதித்தது. ஒரு பொட்டு வேர்வை இல்லை.

வெறும் உடம்போடு இறங்கிய ராக்கனின் கால்கள் பின்னின. ஈட்டி மார்பில் இறங்கியது.

"கேட்டவனுக்கு அவிழ்த்துவிட்டான், குற்றமில்லை" என்றார் பாளையக்காரர். காத்தாயி அண்ணனின் கைகளைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள்.

"இந்தக் கைதானே அவுத்துச்சு? இனி என் வாசலை மிதிக்காதே."

முத்திருளன் கைகளை விடுவித்துக்கொண்டு நடந்தான்.

கதை கேட்டவர்கள் இப்போது சொல்லுங்கள்: முத்திருளன் ராக்கனைக் கொன்றானா? கொன்றான் என்றால், எப்போது?

விடை: வார்களை அறுத்தபோது அல்ல. வேர்வை நின்று உடல் கொதிக்கத் தொடங்கியவன் ஈட்டி படாவிட்டாலும் சாய்ந்திருப்பான். முதல் முறை கேட்டபோது அவனுக்கு வேர்த்தது, கேலி பேசத் தெம்பிருந்தது. அப்போது அவிழ்த்திருந்தால் பிழைத்திருப்பான் என்று சொல்ல முடியாது; ஓடவாவது முடிந்திருக்கும். சத்தியத்தை மீறியது பிழையல்ல, அதுவரை காத்ததுதான் பிழை. முத்திருளனுக்கும் அது தெரியும். ஆனால் வாயைத் திறந்தால் பழி, சத்தியம் கேட்ட தங்கை மேல் போய் விழும். அண்ணன்தான் கொன்றான் என்றே அவள் நினைத்துக்கொள்ளட்டும் என்று அந்த ஊரைவிட்டே போய்விட்டான்.