தபால் பெட்டிக்குச் சிவப்புக் கை முளைத்தது

தகரத்துக்கும் தட்டுமுட்டுச் சாமானுக்கும் வாய் இருந்த காலம் அது. அமெரிக்காவில் நெப்ராஸ்கா என்று ஒரு பெரும் புல்வெளி. அங்கே ஹில்டாவின் பண்ணை வாசலில், கம்பத்தின்மேல் ஒரு தகரத் தபால் பெட்டி நின்றது. வீட்டுக்கு வருகிற கடிதமும், வீட்டிலிருந்து போகிற கடிதமும் அதற்குள்தான். கை கிடையாது. வாய் மட்டும் உண்டு, அதுவும் ஓயாத வாய்!

ஹில்டாவோடு சண்டை போட்டுக்கொண்டு துறைமுகத்துக்குப் போய்விட்ட புருஷன் ஆஸ்கர், "சனிக்கிழமைக்குள் 'வா' என்று ஒரு வார்த்தை எழுது. இல்லையென்றால் கப்பலேறிவிடுவேன்" என்று கடிதம் போட்டிருந்தான். ரோஷக்காரி ஹில்டா நாளைக் கடத்திவிட்டு, கடைசித் தபால் போகிற அன்றுதான் மனம் இளகி எழுதினாள். அந்த நேரம் பார்த்துத் தொழுவத்தில் பசு கன்று போட முடியாமல் கதறியது. கடிதத்தைப் பெட்டிக்குள் வைத்தவள், "என் வாழ்க்கையே உன் வயித்துல இருக்கு, பாத்துக்கோ!" என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

தபால்காரர் வில்பரோ, கொடுக்கக் கடிதம் இருந்தால்தான் வண்டியை நிறுத்துவார். எடுத்துப்போக ஏதும் உண்டா என்று எந்தப் பெட்டியையும் திறந்து பார்க்கமாட்டார். அன்று ஹில்டாவுக்குக் கொடுக்க அவரிடம் ஒன்றும் இல்லை.

குதிரை வண்டி வந்தது. "ஐயா, நில்லுங்க! ஐயா!" பெட்டி தொண்டை கிழியக் கத்தியது. புல்வெளிக் காற்று அத்தனையையும் அள்ளிக்கொண்டு போய்விட்டது.

தொழுவத்துச் சுவருக்கு ஹில்டா காலையில்தான் சிவப்புச் சாயம் அடித்திருந்தாள். அதில் உரசிவிட்டு வந்த சேவல் சிரித்தது. "வாய் கிழியப் பேசுவியே, இப்ப என்ன ஆச்சு?"

"கிண்டலுக்கு இதுவா நேரம்? வண்டி தாண்டிட்டா அவ குடும்பமே போச்சுடா!"

சொல்லிக்கொண்டே பெட்டி தன் விலாத் தகரத்தை ஒரு முறுக்கு முறுக்கியது. அம்மாடி, என்ன வலி! கிழிந்த பட்டையைக் கை போல வானத்தை நோக்கித் தூக்கியது. சேவலுக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. பறந்து வந்து, ஈரம் காயாத இறக்கையால் அந்தக் கையை அழுத்தித் தேய்த்தது.

பச்சைப் புல்லுக்கு நடுவே பளிச்சென்று ஒரு சிவப்பு! வில்பர் கடிவாளத்தை இழுத்தார். "அட, இதென்ன கூத்து?" என்று இறங்கி வந்து மூடியைத் திறந்தார். கடிதம் வண்டி ஏறியது.

அடுத்த வாரமே ஆஸ்கர் வந்து இறங்கினான். ஹில்டா வாசலுக்கு ஓடினாள். இருவரும் அழுதார்கள், சிரித்தார்கள். "நான் தூக்கின கைதான்! நான் தூக்கின கைதான்!" என்று பெட்டி பீற்றிக்கொண்டது. பீற்றிக்கொள்ளட்டுமே, அதற்கு இல்லாத உரிமையா?

அமெரிக்காவில் வாசல் தபால் பெட்டிக்கெல்லாம் விலாவில் ஒரு சிவப்புக் கை வந்தது அன்றிலிருந்துதான். எடுத்துப்போகவேண்டிய கடிதம் உள்ளே இருந்தால் அது நிமிர்ந்து நிற்கும். எப்பேர்ப்பட்ட அவசரக்காரத் தபால்காரரும் அதைப் பார்த்தால் நின்றே ஆகவேண்டும்.