கொம்பையாவின் கால்மணி

முன்னொரு காலத்திலே நெல்லிநாட்டைச் செங்கோடர் என்றொரு ராசா ஆண்டுவந்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் காலையில் ஒரு சட்டம் போடுவார், மத்தியானச் சாப்பாட்டுக்குள் அதை மறந்துபோவார். ராசா மறந்தாலும் ஊர் மறக்கக்கூடாது என்று அதையெல்லாம் எழுதி முத்திரை குத்திவைக்க விருத்தராயர் இருந்தார். அரண்மனை ஓலைகளுக்கெல்லாம் அவர்தான் அதிகாரி.

அப்படி எழுதிவைத்த ஒரு சட்டத்தில் வந்து மாட்டிக்கொண்டவன் கொம்பையா. மழையில்லாத வருஷத்தில் அரண்மனைக் களஞ்சியத்திலிருந்து இரண்டு மூட்டை நெல்லைத் தூக்கிவிட்டான். தப்புதான், அவனே ஒத்துக்கொண்டான். இரண்டு வருஷம் கல் உடைத்துவிட்டுச் சிறையிலிருந்து வந்தவன் காலில் ஒரு வெண்கல மணியைக் கட்டினார்கள். சிறை மீண்டவன் வருவது நாலு பேருக்குத் தெரியவேண்டுமாம். அதோடு, நாற்பது நாளைக்குள் வேலையில் சேராவிட்டால் மறுபடியும் சிறையாம். மணியையும் கட்டிவிட்டு வேலையும் தேடச் சொன்னால் மனுஷன் எங்கே போவான்?

போகாத இடமில்லை. மணிச்சத்தம் கேட்டதும் செக்குக்காரர் வடமலை எண்ணெய்க்குடத்தைத் தூக்கி உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினார். செங்கல் சூளையில், ஆள் வேண்டும், நீ வேண்டாம் என்றார்கள். கோயில் பூசாரி, எங்களிடம் ஏற்கெனவே ஒரு மணி இருக்கிறதப்பா என்று சொல்லிவிட்டார். மனைவி பூவாயி ஒன்றும் கேட்கமாட்டாள். நாள் ஆக ஆக அவன் கஞ்சியில் மட்டும் சோறு கொஞ்சம் கூடிக்கொண்டே வந்தது. அவன் பாதியை அவள் கலயத்துக்கே திருப்பி ஊற்றுவான்.

நாற்பதாம் நாள் காலை, சிறைக்குத் திரும்பிப் போகத் துணிமூட்டையோடு அரசவைக்கு வந்து நின்றான்.

அன்று ராசா இவனைக் கவனிக்கிற நிலையில் இல்லை. மேல்மலையில் கட்டிக்கொடுத்த தங்கையிடமிருந்து அப்போதுதான் ஓலை வந்திருந்தது. மறுநாள் அவள் மகனுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தானே குத்தவேண்டும்? அண்ணன் வராவிட்டால் பங்காளி மடியில் உட்காரவைத்துவிடுவேன் என்று எழுதியிருந்தாள். ஒரு பகல் ஓட்டத்தில் வந்திருக்கவேண்டிய ஓலை, வந்து சேரப் பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது.

ராசாவுக்குக் கண் கலங்கிவிட்டது. பல்லக்கு மலையேற இரண்டு நாள் ஆகும். குதிரை ஏறாத பாதை. இன்று பொழுது சாய்வதற்குள் ஓர் ஆள் ஓடிப்போய், பொறு, வருகிறேன் என்று சொன்னால்தான் உண்டு. விருத்தராயர் கையைப் பிசைந்தார். இன்று சந்தை, வழியெல்லாம் வண்டியும் கூட்டமும், நாட்டிலேயே பெரிய ஓட்டக்காரன் என் மைத்துனன் நாகையன், அவனே நாளை மத்தியானம்தான் போவான் என்றார். பன்னிரண்டு நாள் ஓலையைச் சுமந்து வந்ததும் அதே மைத்துனன்தான் என்பதை மட்டும் சொல்லவில்லை.

மந்திரி சேந்தனார் சபையை ஒரு சுற்றுப் பார்த்தார். உள்ளே புளிமூட்டை மாதிரி ஜனம். கொம்பையாவைச் சுற்றி மட்டும் பாய் விரித்துப் படுக்கிற அளவுக்கு இடம் கிடந்தது.

"உன் வீடு எங்கேப்பா?"

"சந்தைக்கு அந்தப் பக்கம் எசமான்."

"இங்கே வர எவ்வளவு நேரம் ஆச்சு?"

"வாயில போட்ட வெத்தலையை மென்னு முடிக்கல, வந்துட்டேன். நாப்பது நாளா என் முன்னால ஒருத்தரும் நிக்கிறதில்ல எசமான். மணி கேட்டா தெருவே ஒதுங்கிடுது."

மந்திரி ராயர் பக்கம் திரும்பி, அவர் பல்லக்கு எப்போது வந்தது என்று விசாரித்தார். சந்தைக்குள் மாட்டிக்கொண்டு இரண்டு நாழிகை நின்ற பல்லக்கு அது. சபை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. அப்படியானால் ஓலையை இவனிடமே கொடுத்தனுப்பலாம் என்றார் மந்திரி.

ராயருக்கு முகம் கடுகடுத்தது. "திருடன் கையில் ராச முத்திரையா? அப்படியே கம்பி நீட்டிவிடுவான்."

"நீட்டட்டுமே. இவன் எந்த ஊரில் இருக்கிறான் என்று மணியே சொல்லிவிடும். உங்கள் மைத்துனர் பன்னிரண்டு நாள் எந்த ஊரில் இருந்தார் ராயரே?"

அழுதுகொண்டிருந்த ராசா குலுங்கிச் சிரித்துவிட்டார். இவனும் நாகையனும் ஆளுக்கோர் ஓலையோடு ஓடட்டும், கொம்பையா பொழுதுக்குள் போனால் வேலை, போகாவிட்டால் சிறை என்றார். ராயர் சும்மா இருந்திருக்கலாம். வீறாப்பு விடவில்லை. என் மைத்துனனை இவன் முந்தினால் அந்த மணியை என் காலில் கட்டுங்கள் என்று சபை நடுவில் சொல்லிவிட்டார்.

கொம்பையா ஓடினான். இந்த மணி இன்னும் கொஞ்சம் பலமாக ஒலிக்கக்கூடாதா என்று அன்றுதான் முதல்முதலாக ஆசைப்பட்டான். சந்தை இரண்டாகப் பிளந்தது. வடமலை வழக்கம்போல எண்ணெய்க்குடத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினார். ஆற்றங்கரையில் பரிசல்காரர், இந்தத் திருடன் நம் கரையில் நிற்கவேண்டாம் என்று, ஏற்றின ஆட்களை இறக்கிவிட்டு இவனை அக்கரையில் கொண்டுபோய்த் தள்ளினார். கொம்பையாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. சிரித்துக்கொண்டே மலையேறினான். விளக்கு வைக்குமுன் ஓலை தங்கை கையில் இருந்தது.

அவள் முணுமுணுத்துவிட்டு முகூர்த்தத்தை மூன்று நாள் தள்ளிவைத்தாள். மருமகன் மாமன் மடியில் உட்கார்ந்து ஊரே கேட்க அழுது பட்டுவேட்டியை நனைத்தான். ராசாவுக்கு அவ்வளவு சந்தோஷம். பந்தி முடிந்து இலை எடுக்கும்போது, வழியில் மாமியார் வீட்டில் விருந்து சாப்பிட்டுவிட்டு, நாகையன் தன் ஓலையோடு வந்து சேர்ந்தான்.

சபை கூடியதும் கொம்பையாவை அரண்மனை ஓலைக்காரனாக்கி, அந்த மணியை அவிழ்க்கச் சொன்னார் ராசா. அவன் காலை இழுத்துக்கொண்டான்.

"அவுக்க வேணாம் மகாராசா. இது இப்ப என் தொழில் சாமான். ஓலை தூக்குற எல்லாருக்கும் ஒண்ணு கட்டுங்க, அது போதும்."

இனிமேல் சிறையிலிருந்து மணியோடு வருகிறவர்களுக்காகத்தான் அவன் கேட்கிறான் என்று மந்திரிக்குப் புரிந்தது. நாற்பது நாள் கெடுவையும் அப்போதே சட்டத்திலிருந்து அடித்துவிடச் சொன்னார். முதல் மணி விருத்தராயர் காலில் ஏறியது. அன்றுமுதல் அவர் சபைக்கு வருவது நாலு தெருவுக்கு முன்பே தெரிந்துவிடும்.

அடுத்த மழைக்காலத்தில், சிறையிலிருந்து வந்த இன்னொருவன் கால்மணியோடு, தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வடமலை வாசலில் வந்து நின்றான். மணி கேட்டதும் வடமலை எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்தார். "எனக்கு ஓலை வந்திருக்கா? உள்ள வாங்க, முதல்ல மோர் குடிங்க."

மோரைக் குடித்து முடித்த பிறகுதான் அவன், ஓலை இல்லை ஐயா, வேலை கேட்டு வந்தேன் என்றான். உட்காரவைத்து மோர் கொடுத்த ஆளைப் போ என்று சொல்ல வடமலைக்கு வாய் வரவில்லை. மறுநாள் காலை அந்தச் செக்கடியில் மாட்டு மணியோடு இன்னொரு மணியும் கேட்டது.