போட்டோவில் இருக்கிறபடி ஒரு விமானம்

கொக்கனேந்தலுக்கு இன்றைக்கு வரைக்கும் பஸ் வந்ததில்லை. ஆனால் விமானம் வந்திருக்கிறது. வெள்ளைக்காரன் சண்டைக் காலத்தில் ஊர்ப் பொட்டலில் வந்து இறங்கியது, திரும்ப ஏறவேயில்லை. பக்கத்து ஊர்க்காரர்கள், "உங்க ஊருக்கு ஒரு பஸ்ஸு கூட இல்லையே" என்று இளக்காரமாகக் கேட்டால், "பஸ்ஸு எதுக்கு? எங்ககிட்ட பிளேனு நிக்குதுல்ல" என்று சொல்லிவிடலாம். ஊருக்கு இருந்த பெருமை அது ஒன்றுதான்.

அதைப் பாதுகாக்க ஒரு சங்கமும் இருந்தது. தலைவர் ஏகாம்பரம். செயலாளர் பிச்சாண்டி. பிச்சாண்டியின் பெண்டாட்டி பூவாயியும் அதில் இருந்தாள், வீட்டில் சும்மா இருக்க முடியாமல்.

ஒருநாள் பட்டணத்து அருங்காட்சியகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். எடுத்தவுடனே படம் காகிதமாக வெளியே வருகிற கேமரா அவரிடம் இருந்தது. ஒரு போட்டோ பிடித்து ஏகாம்பரத்தின் கையில் கொடுத்தார்.

"இந்தப் போட்டோவில எப்படி இருக்கோ அப்படியே இருக்கணும். எதையும் மாத்தக் கூடாது. அடுத்த மாசம் வந்து பார்ப்பேன். ஏதாவது மாறியிருந்தா லாரியில ஏத்திக் கொண்டுபோயிடுவேன்."

அவர் போனதும் சங்கம் கூடிப் போட்டோவைப் பார்த்தது. இறக்கை மேல் பூவாயியின் வெள்ளாடு நின்றது. இறக்கைக்குக் கீழே பிச்சாண்டி கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். வாலிலிருந்து ஒரு கோழி குதித்து, பாதி வழியில் அந்தரத்தில் இருந்தது.

"ஆட்டை இறக்கிக் கட்டிரவா?" என்றாள் பூவாயி.

"போட்டோவில இறங்கியிருக்கா?"

"இல்ல."

"அப்ப இறங்கக் கூடாது" என்றார் ஏகாம்பரம்.

ஆட்டுக்குத் தழையும் தண்ணீரும் ஏணி வைத்து மேலே போயின. ஆடு மறுப்பு எதுவும் சொல்லவில்லை.

பிச்சாண்டிக்குத்தான் கஷ்டம். இறக்கைக்கு அடியில் வாயைத் திறந்தபடி நின்றார். பூவாயி கஞ்சியை நேராக ஊற்றினாள். "கட்டிக்கிட்ட நாள்லேருந்து இந்த ஆளு வாயைத் திறக்க மாட்டாரு. இப்பத் திறந்திருக்கு, பேச்சுதான் வரல" என்று சொல்லிக்கொண்டே ஊற்றினாள்.

கோழிக்கு வேப்பமரக் கிளையில் சேலைத் தூளி கட்டினார்கள். அந்தரத்தில் ஆடிய சுகத்தில் கோழி தினமும் முட்டை போட்டது. போட்டோவில் முட்டை இல்லை. அதனால் ஏகாம்பரம் ஊருக்காக அதை அவித்துத் தின்றுவந்தார்.

பிறகுதான் பெரிய ஆபத்து தெரிந்தது.

"தலைவரே, போட்டோவில நிழலு மேற்கால கிடக்கு. இப்பக் கிழக்கால கிடக்கு" என்றாள் பூவாயி.

ஏகாம்பரம் போட்டோவையும் தரையையும் மாறி மாறிப் பார்த்தார். "யாரு நகர்த்தினது?"

யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. மறுநாள் காலையில் நிழல் சரியான இடத்துக்கு வந்ததும், தாமதிக்காமல் அதன் மேல் கரியைக் கரைத்துப் பூசிவிட்டார்கள். இனி எங்கே போகும்? சாயங்காலம் வந்து பார்த்தால் நிழல் இரண்டு இருந்தது. கிழக்கே இருந்ததைப் பாய் விரித்து மறைத்தார்கள். அது மெதுவாகப் பாய் மேல் ஏறிப் படுத்துக்கொண்டது.

"இது அடங்காத நிழலு" என்றார் ஏகாம்பரம். "அதிகாரி காலையில வரணும்னு வேண்டிக்குவோம்."

வேண்டுதல் பலித்தது. அதிகாரி காலையிலேயே வந்தார். ஆட்டைப் பார்த்தார், தூளியில் கோழியைப் பார்த்தார், பிச்சாண்டியின் வாய்க்குள் பார்த்தார். பிறகு விமானத்தை ஒருமுறை சுற்றி வந்தார்.

"விமானத்துல யாரும் கை வைக்கல. அது போதும். இங்கேயே இருக்கட்டும்" என்று சொல்லி ஜீப்பில் ஏறப் போனார்.

ஏகாம்பரம் குறுக்கே வந்து நின்று போட்டோவை நீட்டினார். "ஐயா, இந்த ஓரத்துல மங்கலாத் தெரியுதே, இது யாரு விரலு?"

அதிகாரி உற்றுப் பார்த்தார். "என் கட்டைவிரல்தான். எடுக்கும்போது தவறிப் பட்டிருச்சு."

"அப்ப நீங்க போனா மாறிடுமே ஐயா. மாறினா லாரி வந்திருமே."

"யோவ், லாரியை அனுப்புறதே நான்தான்யா."

"அதனாலதான் பயமா இருக்கு" என்றார் ஏகாம்பரம்.

அதிகாரி எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். கடைசியில் கெஞ்சினார். பூவாயிக்கு மனசு கேட்கவில்லை.

"பாவம், பிள்ளைகுட்டிக்காரர். ஏதாவது வழி பண்ணுங்க தலைவரே."

ஏகாம்பரம் போட்டோவை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் யோசித்தார். பிறகு அதிகாரியின் தோளில் அன்பாகக் கை வைத்தார்.

"நாங்க ஒண்ணும் ஈவிரக்கம் இல்லாதவங்க இல்ல ஐயா. போட்டோவில விரல் மட்டும்தான் இருக்கு. அதை இங்க விட்டுட்டு, மிச்சம் உள்ள ஆளு தாராளமா வீட்டுக்குப் போகலாம்."