மூன்றாம் சரணத்துக்குப் பின்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதையில் பேய் கிடையாது. ஆனாலும் இதில் வருகிறவர்கள் நடுங்கத்தான் செய்தார்கள்.

சேந்தவிளை கிறிஸ்தவ சபையில் நாற்பது குடும்பங்கள். ஒழுகுகிற கூரையைப் பார்ப்பதா, பாட்டைத் திரையில் காட்டும் மென்பொருளுக்கு வருடா வருடம் பணம் கட்டுவதா? பாடகர் குழுவை நடத்திய மேபல் இலவசமான திறமூல மென்பொருள் ஒன்றைத் தேடிப் பிடித்தார். யாரும் எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம், பிறருக்கும் கொடுக்கலாம். நானூறு பாட்டையும் தானே தட்டச்சு செய்தார். ஆறு வருடம் கணினி முன் உட்கார்ந்து மைக்கில் பாடியவரும் அவர்தான். அவருக்கு இளைப்பு உண்டு. மூன்றாம் சரணம் முடிந்ததும் திரை இருளும், நாலு எண்ணும் நேரத்துக்குள் இன்ஹேலரை இழுத்துக்கொள்வார். போதகர் தன்ராஜ் பிரசங்க மேடையில் விரலால் நாலு தட்டுவார். பிறகு நாலாம் சரணம் வரும்.

ஐப்பசியில் மேபல் இறந்துபோனார். அடுத்த ஞாயிறு அவர் நாற்காலியில் தையல்காரி பியூலா உட்கார்ந்து பாட்டைத் தொடங்கி வைத்தார். இரண்டாம் சரணத்துக்குப் பொத்தானை அமுக்கக் கை நீட்டுமுன் திரை தானே மாறிவிட்டது. பியூலா பயந்துபோய்க் கையை மடியில் வைத்துக்கொண்டார். மூன்றாம் சரணம் முடிந்தது, திரை இருண்டது. நாலு எண்ணும் நேரம் கோயிலில் சத்தமே இல்லை. நாலாம் சரணம் வந்தபோது ஒரு அம்மாள் வீறிட்டுக் கத்தினார்.

கணினியைத் திறந்து பார்த்ததில் விஷயம் தெரிந்தது. ஒவ்வொரு சரணத்துக்கும் மேபல் நேரம் குறித்து வைத்திருந்தார். ஆறு வருடமும் திரை தானேதான் மாறியிருக்கிறது. காரணம் தெரிந்தும் பயம் போகவில்லை. நாலு குடும்பங்கள் வருவதை நிறுத்திக்கொண்டன.

“செத்தவங்க வச்ச நேரத்துக்கு நாம பாடக் கூடாதும்மா. அழிச்சிருங்க” என்றார் போதகர் பியூலாவிடம்.

மேபலின் கணவர் சாலமோன்ராஜ் பியூலா வீட்டுக்கு ஓடிவந்தார். “அந்த நாலு எண்ணுக்காகத்தான் நான் கோயிலுக்கே வாரேன் தங்கச்சி. அவ மூச்சு எனக்கு அங்கதான் கேக்கு.”

பியூலா யாரையும் நோகடிக்க மாட்டாதவர். “இது எத்தன படி வேணும்னாலும் எடுக்கலாம் அண்ணாச்சி” என்று எல்லாவற்றையும் ஒரு பென்டிரைவில் போட்டுக் கொடுத்தார். கோயில் கணினியில் இருந்த நேரங்களை அழித்துவிட்டார்.

சனிக்கிழமை சாலமோன்ராஜ் பென்டிரைவைத் திருப்பிக் கொண்டுவந்தார். “வீட்டுல ஓட்டிப் பாத்தேன். திரை இருட்டாவுது, அவ்வளவுதான். பாட ஆளு இருந்தாத்தானே பாட்டு நிக்கும்? நீயே வச்சுக்கோ. நான் நாளைக்குக் கோயிலுக்கு வாரேன்.”

இப்போது சொல்லுங்கள். அழிக்கச் சொன்ன போதகர், படியெடுத்துக் கொடுத்த பியூலா, அதைத் திருப்பிக் கொடுத்த சாலமோன்ராஜ், இந்த மூவரில் யார் செய்தது சரி?

விடை: சாலமோன்ராஜ். மற்ற இருவரும் மேபலின் மூச்சு கணினிக்குள் இருப்பதாக நினைத்துக்கொண்டார்கள். மறுநாள் மூன்றாம் சரணம் முடிந்ததுமே பியூலா பொத்தானை அமுக்கினார். நாலாம் சரணம் பளிச்சென்று திரையில் வந்து நின்றது. ஒருவரும் பாடவில்லை. பிரசங்க மேடையில் போதகரின் விரல் தன்பாட்டுக்கு நாலு தட்டியது. சாலமோன்ராஜ் கண்ணை மூடிக்கொண்டார். அவருக்கு அந்த மூச்சு கேட்டிருக்கும். கடைசி வரிசையில் இருந்த எனக்கே கேட்டது.